களம் யாருடையது?

கருணை என்னும் சொல்லுக்கு எமது தமிழ்ச் சங்கக் கூட்டங்களிலே கைதட்டல் கிடைக்காமற் போனதில்லை. பழைய அறிவியற் புனைகதை நாடகங்களைத் திரையிட்டு விவாதிப்பதற்கென அண்மையில் ஒழுங்கு செய்யப்பட்ட மாலைக் கூட்டத்திலும் அவ்வாறே நடந்தது. அன்று காட்டப்பெற்றது, ‘ஸ்டார் ட்ரெக்’ என்னும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் 1967ஆம் ஆண்டு ஜனவரி 19ஆந் திகதி முதன்முதல் ஒளிபரப்பான ‘அறீனா’ என்னும் அங்கம். அயற்கோளொன்றிலே மனிதன் ஒருவனும் பல்லியுருவினனான வேற்றுலகத்தான் ஒருவனும் சாகும்வரை பொருதுமாறு விடப்படுகின்றனர். வென்ற மனிதன் வீழ்ந்தவனைக் கொல்ல மறுக்கின்றான். திரை இருண்டதும் எழுந்து முடிவுரை கூறிய மூத்த நண்பர், பகைவனுக்கும் அருள்செய்யும் தமிழறம் விண்வெளி வரை சென்றிருப்பதாகப் பெருமிதத்தோடு எடுத்துரைத்தார். மண்டபம் அதிர்ந்தது. நானும் கைதட்டினேன் என்பதை ஒளிக்க வேண்டியதில்லை.

விடுதிக்குத் திரும்பும் வழியிலேதான் அந்தக் கைதட்டல் உறுத்தத் தொடங்கிற்று. திருகோணமலை உட்துறைமுகத்தின் கரையிலே பிறந்து வளர்ந்த எனக்கு, இரு கப்பல்கள் பொருதுவதும், அதனை மூன்றாமவன் ஒருவன் மேலிருந்து பார்ப்பதும், பின்னர் தோற்றவனுக்கும் வென்றவனுக்கும் நீதி சொல்லுவதும் புனைகதையாகத் தோன்றவில்லை. எங்கள் ஊரின் நானூறு ஆண்டு வரலாறு அதுவே. ஆகவே நண்பரின் முடிவுரையை நான் மறுக்கின்றேன். ‘அறீனா’ கருணையைப் போற்றுகின்றது என்பது உண்மை. ஆயின் அந்தப் போற்றுதலின் மறைவிலே, களத்தை அமைத்தவன் எந்த உரிமையால் அதனை அமைத்தான் என்ற வினாவை அது புதைத்துவிடுகின்றது. புதைக்கப்பட்டதைத் தோண்டி எடுப்பதே இக்கட்டுரையின் வேலை.

நாடகத்தைப் பார்த்திராதோருக்காகக் கதையைச் சுருங்கச் சொல்லுவேன். செஸ்டஸ் மூன்று என்னும் கோளிலே மனிதர் அமைத்திருந்த குடியிருப்பொன்று அடையாளம் தெரியாத எதிரியால் அழிக்கப்படுகின்றது. எண்டர்பிறைஸ் என்னும் விண்கப்பலின் தலைவனான கப்டன் கேர்க், பழிவாங்கும் வேகத்தோடு எதிரிக் கப்பலைத் துரத்துகின்றான். துரத்தல் மெற்றோன்கள் என்போரின் வான்வெளிக்குள் புகுந்துவிடுகின்றது. அறிவாலும் ஆற்றலாலும் பன்மடங்கு உயர்ந்தவரான மெற்றோன்கள் இரு கப்பல்களையும் அசையாது நிறுத்தி, இரு தலைவர்களையும் மட்டும் பெயர்த்தெடுத்து, தாம் ஆயத்தப்படுத்திய கோளொன்றிலே இறக்கிவிடுகின்றனர். கையிலே ஆயுதம் இல்லை. நிலத்திலே கிடப்பதைக் கொண்டு ஆயுதம் செய்துகொள்ளலாம். தோற்றவனின் கப்பல் அதிலுள்ள அனைவரோடும் அழிக்கப்படும் என்பது விதி. கோர்ன் என்னும் இனத்தைச் சேர்ந்த பல்லியுருவினன் வலிமையில் மிக்கவன். கேர்க் விரைவில் மிக்கவன். கந்தகம், கரி, வெடியுப்பு ஆகியவற்றைத் தேடிச் சேர்த்து, மூங்கிற் குழாயிலே அடைத்து, வைரக் கற்களைக் குண்டாக்கிக் கேர்க் சுடுகின்றான். கோர்ன் வீழ்கின்றான். கேர்க் கொல்லவில்லை. உடனே இளைஞனைப்போன்ற தோற்றமும் ஆயிரத்தைந்நூறு ஆண்டு அகவையும் உடைய மெற்றோன் ஒருவன் தோன்றி, எதிர்பாராத இந்த இரக்கத்தை வியந்து, மனிதர் இன்னும் பாதி காட்டுமிராண்டிகளே எனினும் நம்பிக்கை உண்டு என்ற கருத்துப்படப் பாராட்டிவிட்டு மறைகின்றான்.

இந்த மெற்றோனை எமது நண்பர் மறந்தும் குறை கூறவில்லை. சற்றே நிதானித்து நோக்குவோம். இரு கப்பல்களிலும் இருந்தோர் பல நூற்றுவர். அவர்களுள் ஒருவரேனும் இப்போட்டிக்கு உடன்பட்டவரல்லர். தம் தலைவன் கால் இடறி வீழ்ந்தால் தாம் அனைவரும் மாண்டொழிவர் என்ற நிலையில், தம் கப்பலின் திரையிலே அப்போரைப் பார்த்துக்கொண்டிருக்க அவர்களுக்கு வரமளிக்கப்படுகின்றது. அதையும் மெற்றோன்கள் ஒரு தயவாகவே செய்கின்றனர். நூற்றுக்கணக்கானோரின் உயிரைப் பணயப்பொருளாக வைத்துக்கொண்டு இருவரை மோதவிட்டவன், மோதலின் முடிவிலே வந்து நின்று இரக்கத்தின் மேன்மையை உபதேசிக்கின்றான். இதனைவிடக் கொடிய நகைச்சுவை பிறிதுண்டோ? கேர்க் காட்டிய இரக்கம் மெய்யானது; அதனை நான் குறைத்து மதிக்கவில்லை. அந்த இரக்கத்துக்கு மதிப்பெண் இட்டவனின் தகுதியையே கேட்கின்றேன். நாடகம் அதைக் கேட்கவில்லை. கேர்க்கும் கேட்கவில்லை. மெற்றோனின் முன்னே நல்ல மாணவனைப்போல நின்று, எதிரிக் கப்பலை அழித்துத் தரவா என்று அவன் வினவ, வேண்டாம், நாங்கள் பேசித் தீர்த்துக்கொள்வோம் என்று விடையிறுக்கின்றான். பேசுவதற்கு இடமே கொடாது மோதவிட்டவனிடம் இவ்விடை சொல்லப்படுவதிலுள்ள முரணை எழுத்தாளர் உணர்ந்ததாகத் தெரியவில்லை.

அதனினும் முதன்மையான இடம் ஒன்றுண்டு. போரின் இடையிலே கோர்ன் பேசுகின்றான். செஸ்டஸ் மூன்று எமது வான்வெளியைச் சேர்ந்தது. அங்கு வந்து குடியேறியவர் நீங்கள். நாங்கள் ஊடுருவலைத் தடுத்தோம் என்கின்றான். கப்பலிலே திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மருத்துவர் மக்கோய் திடுக்கிட்டு, அது உண்மையாக இருக்குமோ என்று ஸ்பொக்கைக் கேட்கின்றார். இருக்கக்கூடும், அப்பகுதியைப் பற்றி நாம் அறிந்தது மிகச் சிறிது என்பது ஸ்பொக்கின் விடை. அப்படியாயின் தவறு எம்முடையதாக இருக்கலாமே என்று மக்கோய் சொல்லுகின்றார். ஐம்பது நிமிட நாடகத்தின் உயிர் இந்தச் சில விநாடிகளிலே இருக்கின்றது. அமெரிக்கப் படைகள் வியற்நாமிலே நின்ற 1967ஆம் ஆண்டிலே, அமெரிக்க வீடுகளின் கூடங்களுக்குள் இவ்வினா சென்று சேர்ந்தது என்பதற்காக எழுத்தாளரான ஜீன் எல். கூனை நான் வணங்குகின்றேன். ஆயின் வினா எழுந்த வேகத்திலேயே அடங்கிவிடுகின்றது. துப்பாக்கி வெடிக்கின்றது, கோர்ன் வீழ்கின்றான், கருணை பிறக்கின்றது, இசை எழுகின்றது. செஸ்டஸ் மூன்று யாருடையது என்பது பின்னர் பேசப்படவேயில்லை.

பேசப்படாத வினாக்கள் தாமாகவே விடை பெற்றுவிடும். வலியவனுக்குச் சார்பான விடையை. அதே கதையுலகைச் சேர்ந்த ‘டீப் ஸ்பேஸ் நைன்’ என்னும் பிற்காலத் தொடரின் 1995ஆம் ஆண்டு அங்கமொன்றிலே செஸ்டஸ் மூன்று மீண்டும் தலைகாட்டுகின்றது. அங்கே மனிதர் நிலையாகக் குடியிருக்கின்றனர், பேஸ்போல் ஆடுகின்றனர். கோர்ன் இனத்தாருக்கு என்ன நேர்ந்தது, எந்த உடன்படிக்கையின் கீழ் நிலம் கைமாறிற்று என்பதைப் பற்றி அந்த அங்கத்திலே ஒரு சொல்லும் இல்லை. அடிபட்டவன் உயிர் பிழைத்தான்; நிலம் அடித்தவனிடம் இருந்தது. கருணையின் கணக்கு இவ்வாறுதான் முடிந்தது.

இந்நாடகத்தின் மூலக்கதையையும் இங்கே நினைவுகூர வேண்டும். பிரெடரிக் பிறவுண் என்னும் அமெரிக்கர் இதே தலைப்பிலே 1944ஆம் ஆண்டில், உலகப்போரின் நடுவே, எழுதிய சிறுகதை அது. அதிலே மனிதனுக்கு எதிராக நிற்பது உருண்டை வடிவமான செந்நிற உயிரொன்று. பணயம் ஒரு கப்பலன்று, ஓர் இனம் முழுவதும். மனிதன் எதிரியைக் கொல்லுகின்றான். எதிரியின் கப்பற்படை பூண்டோடு அழிகின்றது. அங்கே கருணைக்கு இடமில்லை. அவ்வகையில் 1967ஆம் ஆண்டு நாடகம் முன்னேற்றம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் இருபத்து மூன்று ஆண்டுகளில் மாறியது பொருதுவோனின் மனம் மட்டுமே. மேலிருந்து மோதவிடும் பேரறிவு இரண்டு கதைகளிலும் மாறாது வீற்றிருக்கின்றது. அதனை எவரும் தொடவில்லை.

தொட முயன்றதாகத் தோன்றும் அங்கமொன்று அடுத்த ஆண்டிலே வந்தது. 1968 ஜனவரி 5ஆந் திகதி ஒளிபரப்பானது. ட்ரிஸ்கெலியன் என்னும் கோளிலே, உடலற்ற மூளைகள் மூன்று கண்ணாடிக் கூட்டினுள் இருந்துகொண்டு, பிற உலகங்களிலிருந்து பிடித்துவரப்பட்ட அடிமைகளைப் பொருதவிட்டுப் பந்தயம் கட்டுகின்றன. அடிமையின் கழுத்திலே வளையம்; பணியாதவனின் கழுத்து நெரியும். களத்தின் உடைமையாளனை இத்துணை வெளிப்படையாகக் காட்டிய கதை வேறில்லை எனலாம்: உடல் இல்லை, ஆகவே நோவும் இல்லை, நோவு இல்லாதவனுக்குப் பிறர் நோவு பொழுதுபோக்கு. நன்று. முடிவு என்ன? கேர்க் அம்மூளைகளோடு பந்தயம் கட்டி வெல்லுகின்றான். வென்று கேட்பது, அடிமைகளை விடுவித்து அவர்களுக்குத் தன்னாட்சிக்குரிய கல்வியை அம்மூளைகளே புகட்டவேண்டும் என்பது! சூதாடி ஆசானாகின்றான். குடியேற்ற நாடுகளுக்குச் சுயாட்சி பழக்குவதாகச் சொல்லிக்கொண்டு இருந்த வெள்ளையராட்சியின் குரலை இங்கே கேளாதவர் எமது வரலாற்றுத் துறையின் முதலாம் ஆண்டு விரிவுரைகளுக்குச் சமுகமளிக்காதவராகவே இருத்தல் வேண்டும்.

அறீனா என்னும் சொல்லுக்கு இலத்தீன் மொழியிலே மணல் என்பதே மூலப்பொருள். வாட்போர் அரங்கிலே வடியும் குருதியை உறிஞ்சுவதற்கென உரோமர் மணல் பரப்பினர். மணலின் பெயரே அரங்கின் பெயராயிற்று. (மணலுக்கு எங்கள் மாவட்டத்திலே குறைவில்லை, புல்மோட்டையின் இல்மனைற்று மணல் பிற நாடுகளுக்குக் கப்பலேறிய கதை தனியே எழுதப்படவேண்டியது.) உரோமர் மணலோடு நின்றாரல்லர். கிளோடியஸ் மன்னன் கி.பி. 52ஆம் ஆண்டிலே பியூசினஸ் என்னும் ஏரியிலே மரக்கலங்களை இரு அணியாக நிறுத்தி, பத்தொன்பதாயிரம் பேரை உண்மையாகவே பொருதவிட்டுக் காட்சி நடத்தினான் என்று தாசிற்றஸ் எழுதுகின்றார். கரைகளும் குன்றுகளும் பார்வையாளரால் நிரம்பி வழிந்தனவாம். அரங்குக்கு மணல் வேண்டுமென்பதில்லை, நீரும் ஆகும். இதனைப் படித்தபொழுது என் மனம் இயல்பாகவே திருகோணமலைக் குடாவுக்குச் சென்றது.

1782ஆம் ஆண்டைப் பாருங்கள். அவ்வாண்டு ஜனவரியிலே திருகோணமலைக் கோட்டையில் ஒல்லாந்தரின் கொடி பறந்தது. அம்மாதமே ஆங்கிலேயர் அதனை இறக்கித் தம் கொடியை ஏற்றினர். ஓகஸ்ற் மாத இறுதியிலே பிரெஞ்சுக் கடற்படைத் தலைவனான சுஃப்ரன் ஆங்கிலக் கொடியை இறக்கினான். செப்ரெம்பர் 3ஆந் திகதி, மீட்க வந்த ஆங்கிலத் தலைவன் ஹியூஸின் கப்பல்களோடு குடாவுக்கு வெளியே கடும்போர் நிகழ்ந்தது. எட்டு மாதங்களில் மூன்று கொடிகள். இவ்வளவுக்கும் காரணமான சண்டை அமெரிக்கக் கண்டத்திலே தொடங்கியது. பிரான்சு அதில் இறங்கியது, ஒல்லாந்து இழுக்கப்பட்டது, தீ இங்கு வந்து பற்றியது. பின்னர் ஐரோப்பாவிலே சமாதானம் எழுதப்பட்டபொழுது, பிடித்தவன் பழைய உடைமையாளனான ஒல்லாந்தனிடம் துறைமுகத்தைத் திருப்பிக் கொடுத்தான். 1795இல் ஆங்கிலேயர் மீண்டும் வந்தனர். 1802இல் அமியன்ஸ் நகரத்து ஒப்பந்தம் அதனை முத்திரையிட்டது. இக்கடற்போரை விவரிக்கும் நூல்களைப் புரட்டினால், கப்பல்களின் பெயர்களும் பீரங்கிகளின் தொகையும் காற்றின் திசையுங்கூடக் கிடைக்கும். கட்டுக்குளப்பற்றிலும் தம்பலகமப்பற்றிலும் கொட்டியாரப்பற்றிலும் அவ்வாண்டு வயல் விதைக்கப்பட்டதா என்பது கிடைக்காது. வன்னிபங்களின் கீழ் வாழ்ந்த அக்குடிகள் அந்நூல்களுக்குக் கோர்ன் இனத்தாரைப்போன்றவர்கூட அல்லர். கோர்னுக்காவது ஒரு வசனம் தரப்பட்டது.

மெற்றோன்கள் ஆயத்தப்படுத்திய கோள் ஆளில்லாத கோள். கல்லும் முட்செடியும் கந்தகமும் மட்டும் கிடக்கும் வெறுநிலம். நாடகத்தின் மிகப் பெரிய பொய் இதுவே என்று நான் கருதுகின்றேன். வரலாற்றில் எந்தக் களமும் வெறுநிலமாக இருந்ததில்லை. களம் என்று ஒருவன் பெயரிட்டபின்பே அது வெறுநிலமாக்கப்படுகின்றது. கோணேசர் மலையின் உச்சியிலே நின்ற கோயிலைப் போர்த்துக்கேயர் 1622இல் இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டை கட்டியமை இதற்கு முதற் சான்று. எஞ்சிய கற்களும் தூண்களும் சுவாமி மலையின் அடியிலே கடலுக்குள் கிடந்தன. அவற்றை நீர்மூழ்கிப் பார்த்து உலகுக்கு எடுத்துச் சொன்னோருள் ஒருவர், 1956ஆம் ஆண்டு முதல் இந்நாட்டிலே வாழ்ந்து 2008இல் கொழும்பிலே மறைந்த அறிவியற் புனைகதையாசிரியர் ஆதர் சி. கிளார்க் என்பது இக்கட்டுரைக்கு வாய்த்த ஒற்றுமை. எண்டர்பிறைஸ் கப்பல் பிறப்பதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே, இவ்விலக்கிய வகையின் பேராசான் ஒருவர் எங்கள் கடலின் அடியிலே சிதைந்து கிடந்த களத்தைக் கண்டிருந்தார்.

கிளார்க்கின் பெயரை எடுத்தபின் அவருடைய ‘சைல்ட்ஹூட்ஸ் எண்ட்’ என்னும் 1953ஆம் ஆண்டு நாவலைச் சொல்லாது செல்ல முடியாது. அதிலும் மேலான வேற்றுலகத்தார் பூமிக்கு வருகின்றனர். மாட்ரிட் நகரத்துக் காளைப்போர் அரங்கிலே, காளையின் உடலில் ஈட்டி பாய்ந்த கணத்தில், அதே நோவு பார்வையாளர் அனைவரின் உடலிலும் பாயுமாறு அவர்கள் செய்துவிடுகின்றனர். அரங்கு அலறுகின்றது. விளையாட்டு அன்றோடு முடிகின்றது. ‘அறீனா’வை எழுதியோருக்குத் தோன்றாதது இதுவே: நோவு மாடத்துக்கு ஏறினால் களம் மூடப்படும். (அந்த வேற்றுலகத்தாரும் கேள்விக்கப்பாற்பட்ட எசமானராகவே இருந்தனர் என்பது வேறு கதை, கிளார்க்கோடும் எனக்கு வழக்குண்டு.)

இருபதாம் நூற்றாண்டுக்கு வருவோம். 1942 ஏப்ரில் 9ஆந் திகதி காலையிலே யப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கின. அன்றே மட்டக்களப்புக் கடலிலே ஹேர்மீஸ் என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் முந்நூறுக்கு மேற்பட்டோரோடு மூழ்கிற்று. யப்பானிய விமானமொன்று சீனக்குடாவின் எண்ணெய்க்குதமொன்றிலே வீழ்ந்து நாட்கணக்காக எரிந்ததை இன்றும் ஊரார் சொல்லுவர். அம்மம்மாவின் தாயார் அந்தப் புகையைக் கண்டவர். சட்டி பெட்டியோடு தம்பலகமம் பக்கமாக நடந்தோம் என்பதே அவர் சொல்லி அம்மம்மா வழியாக எங்கள் வீட்டிலே வழங்கும் கதையின் முழுமை. யார் வென்றார், யார் தோற்றார் என்பது அக்கதையில் வருவதில்லை. ‘நாங்கள் ஆருக்கு என்ன செய்தனாங்கள்?’ என்ற ஒரு வினா மட்டும் வரும்.

பிரித்தானியர் 1957இலே தளத்தைக் கையளித்துப் போயினர். எண்ணெய்க்குதங்கள் நின்றன. 1987 ஜூலை 29ஆந் திகதி கைச்சாத்தான இந்திய-இலங்கை உடன்படிக்கை இந்நாட்டின் இனப்பிரச்சினைக்குத் தீர்வு காணும் நோக்கில் எழுதப்பட்டதென்பது யாவரும் அறிந்தது. அதனோடு இணைக்கப்பட்ட கடிதங்களிலே, திருகோணமலைத் துறைமுகம் இந்தியாவின் நலனுக்குப் பாதகமான வகையில் எந்த நாட்டின் படைத்தேவைக்கும் வழங்கப்படாது என்பதும், எண்ணெய்க்குதங்களை இரு நாடுகளும் கூட்டாகப் புனரமைக்கும் என்பதும் இடம்பெற்றமை அத்துணை பரவலாக அறியப்பட்டதன்று. பொருதிய இரு தரப்பாரைப் பற்றிய ஒப்பந்தத்தின் பின்னிணைப்பிலே களத்தின் உடைமைபற்றிய வாசகம்! மெற்றோனின் உபதேசத்துக்கு அடியிலே சிறிய எழுத்திலே ஒரு விலைப்பட்டியல் இருந்திருக்குமாயின் நாடகம் இன்னும் நேர்மையானதாக இருந்திருக்கும். 2003இலே குதங்கள் இந்திய எண்ணெய்க் கூட்டுத்தாபனத்தின் இலங்கைக் கம்பனிக்குக் குத்தகைக்குச் சென்றன. 2022 ஜனவரியின் உடன்படிக்கையிலே தொண்ணூற்றொன்பது குதங்கள் பதினான்கு, இருபத்துநான்கு, அறுபத்தொன்று எனப் பங்கிடப்பட்டன. அறுபத்தொன்றிலே இலங்கைக்கு 51 வீதம், இந்தியக் கம்பனிக்கு 49 வீதம். 2025 ஏப்ரிலிலே, ஐக்கிய அரபு அமீரகத்தையும் சேர்த்துத் திருகோணமலையை எரிசக்தி மையமாக்கும் முத்தரப்பு இணக்கம் கைச்சாத்திடப்பட்டது. இவற்றால் நன்மையே விளையாது என்று நான் வாதிடவில்லை. மேசையைச் சுற்றி இருந்தோரை எண்ணிப் பார்க்குமாறு மட்டும் கேட்கின்றேன்.

சம்பூர் இதற்கு அண்மைச் சான்று. 2006ஆம் ஆண்டுப் போரிலே மூதூர் கிழக்கின் மக்கள் ஓடினர். ஓடியவரின் நிலம் மறு ஆண்டிலே உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. அதன் ஒரு பகுதியிலே இந்தியக் கூட்டுடன் நிலக்கரி மின்நிலையம் எழும் எனத் திட்டமிடப்பட்டது. வரைபடத்திலே அவ்விடம் வெறுநிலம். வரைபடத்துக்கு வெளியே, தற்காலிகக் கொட்டில்களிலே, அந்நிலத்தின் ஒவ்வொரு கிணற்றையும் ஒவ்வொரு பனையையும் பெயரிட்டுச் சொல்லக்கூடியோர் ஆண்டுக்கணக்காக இருந்தனர். 2015ஆம் ஆண்டு முதல் காணிகள் படிப்படியாகத் திரும்பின. நிலக்கரித் திட்டம் 2016இலே கைவிடப்பட்டது. 2025 ஏப்ரிலிலே சூரிய மின்நிலையத்துக்கான அடிக்கல் தலைவர்களால் தொலைவிலிருந்து திரைவழி நாட்டப்பட்டது. திரைவழி என்பதை வாசகர் கவனிக்க.

எதிர்வாதம் ஒன்றை அறிவேன். விவாத மாலையிலேயே விரிவுரையாளர் ஒருவர் அதனை மென்மையாகச் சொன்னார். மெற்றோன்கள் தலையிடாதிருந்தால் இரு கப்பல்களும் ஒன்றையொன்று அழித்திருக்கும். மோதும் இருவருக்கு மூன்றாமவன் வேண்டுமன்றோ? வேண்டும். நடுவனை நான் மறுக்கவில்லை. நடுவனுக்கும் களவுடைமையாளனுக்கும் உள்ள வேறுபாட்டையே வற்புறுத்துகின்றேன். நடுவன் இருவரையும் பேசவிடுவான். களவுடைமையாளன் இருவரின் ஆயுதத்தையும் பறித்து, நிலத்திலே புதிய ஆயுதத்துக்கான பொருளைத் தூவிவிடுவான். நடுவன் முதலில் கேட்பது செஸ்டஸ் மூன்று யாருடையது என்பதாக இருக்கும். மெற்றோன் அதனை ஒருபோதும் கேட்கவில்லை.

தமிழறம் விண்வெளிக்குச் சென்றதாகப் பெருமைப்பட்ட நண்பருக்கு ஒன்று சொல்லவேண்டும். தமிழிலே களத்தைப் பாடியோர் பலர். களத்தினுள் இறங்கி அதன் உடைமையாளனோடு வழக்காடிய புலவர் ஒருவர் உளர். கோவூர் கிழார். உறையூரை முற்றியிருந்த நலங்கிள்ளியிடமும் உள்ளே அடைபட்டிருந்த நெடுங்கிள்ளியிடமும், இருவரும் ஒரே குடியினர், எவர் தோற்பினும் தோற்பது அக்குடியே என்று அவர் எடுத்துரைத்ததைப் புறநானூறு படித்தோர் அறிவர். அதனினும் எனக்கு நெருக்கமானது மலையமான் மக்களைப் பற்றிய பாட்டு. பகைவனின் பிள்ளைகள் என்பதற்காகக் கிள்ளிவளவன் அச்சிறுவரை மன்றத்திலே நிறுத்தி யானைக்கு இடவிருந்தான். இதுவும் ஓர் அறீனாவே. கூட்டமும் உண்டு, விலங்கும் உண்டு, வேந்தனும் உண்டு. கோவூர் கிழார் யானையிடம் இரக்கத்தை எதிர்பார்க்கவில்லை. சிறுவரின் துணிவையும் புகழவில்லை. யானையைக் கண்ட வியப்பிலே அழுகையை மறந்து, பழக்கமில்லாத மன்றத்தைக் கண்டு மருளும் பிள்ளைகள் இவர்கள் என்று சுட்டிவிட்டு, நீ யார் வழிவந்தவன், இவர்கள் யார் வழிவந்தவர்கள் என்று வேந்தனை நோக்கியே பேசுகின்றார். யானையினும் மன்றமே அப்பிள்ளைகளை அச்சுறுத்திற்று என்பதை ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ஒரு புலவர் கண்டுகொண்டார். பிள்ளைகள் பிழைத்தனர்.

கேர்க்கின் கருணை கோர்னை நோக்கியது. கோவூர் கிழாரின் சொல் வேந்தனை நோக்கியது. எமது நண்பர் இவ்விரண்டையும் ஒரே அறமென்று கொண்டு கைதட்டல் பெற்றார். முதலாவது அறத்தை மெற்றோன்கள் விரும்புவர். அதனாலே அவர்களுக்குக் கேடில்லை. பொருதுவோர் ஒருவரையொருவர் மன்னித்துக்கொண்டு வீடு திரும்பட்டும், களம் அடுத்த காட்சிக்கு இருக்கட்டும். இரண்டாவதைச் சொல்ல எழுவோனை எந்த மெற்றோனும் பாராட்டியதாகக் கதை இல்லை.

வெறும் இறப்பர்த் தோல் போர்த்திய பல்லியையும், கலிபோர்னியாவின் வாஸ்குவெஸ் பாறைகளையும் வைத்து எடுக்கப்பட்ட விளையாட்டு நாடகத்துக்கு இத்துணை ஆராய்ச்சியா என்று சிலர் நகைப்பர். நகைக்கட்டும். கோர்னின் உடை எனக்கும் நகைப்பூட்டியது. அவன் மெதுவாகத் தூக்கி எறியும் பாறை அதைவிட. ஆயினும் மண்டபம் அதிரக் கைதட்டியோர் அந்த உடைக்காகத் தட்டவில்லை.

அடுத்த திரையிடலுக்கு, உரோமப் பேரரசு அழியாது இருபதாம் நூற்றாண்டு வரை நீடித்து, வாட்போரைத் தொலைக்காட்சியிலே ஒளிபரப்பும் கோளைப் பற்றிய 1968 மார்ச் 15ஆந் திகதி அங்கம் தெரிவாகியிருப்பதாக அறிகின்றேன். நல்ல தெரிவு, அதிலே படக்கருவியும் பொய்க் கைதட்டலுங்கூடக் களத்தினுள் வருகின்றன. சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். அதற்கு முன் ‘அறீனா’வை மீண்டும் ஒருமுறை போடுங்கள். தவறு எம்முடையதாக இருக்கலாமே என்று மருத்துவர் மக்கோய் சொல்லும் இடத்திலே நிறுத்திவிட்டு, மண்டபத்தின் விளக்குகளை ஏற்றுங்கள். மூதூர் கிழக்கிலிருந்து வந்து படிப்போர் எமது பீடத்திலே இருவர் உளர், பின்வரிசையிலே அமர்ந்திருப்பர். முடிவுரைக்கு முன் அவர்கள் பேசட்டும்.